நூற்றுக்கு நாற்பத்தேழு

ஆறு உறைந்து கிடக்கும் பிப்ரவரியில்
டொலீடோவின் வடக்கே, லக்ரேஞ்ச் தெருவுக்கு
மூன்றாம் முறையாகப் போகிறேன்.
கையில் டார்ச், ஈரம் பார்க்கும் ஊசி, ஒரு படிவம்.
வங்கி என்னைக் கேட்பது ஒன்றுதான்:
எவ்வளவு முடிந்தது?
நான் ஓர் எண் எழுதுவேன்.
அந்த எண் அளவுக்குப் பணம் கதவைத் திறக்கும்.

வீட்டுக்காரி லவோன் டிப்ஸ்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
காலைச் சவாரிக்கும் பிற்பகல் சவாரிக்கும் நடுவே
கிடைக்கும் நாலரை மணி நேரத்தை
இந்த வீட்டுக்குத் தின்னக் கொடுக்கிறாள்.

வீடு நாற்பத்தோராயிரம் டாலர்.
செப்பனிட எழுபத்தெட்டாயிரம்.
இரண்டையும் ஒரே கடனாக முடிந்து கொடுத்தார்கள்.
அதற்கு முன் மதிப்பீட்டாளர் வந்தார்;
உடைந்த ஜன்னல் முன் நின்று
உடையாத ஜன்னலின் விலையை எழுதினார்.
ஒழுகும் அறையில் குடையை மடக்காமல்
ஒழுகாத அறையின் விலையை.
இன்னும் இல்லாத வீடு
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பெறும் என்றது தாள்.
இல்லாத வீட்டின் பேரில்
இருக்கிற பெண் கையெழுத்துப் போட்டாள்,
முப்பது வருடத்துக்கு.

முதல் முறை, கூரை முடிந்திருந்தது.
பதினெட்டு என்று எழுதினேன்.
கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்காரச் சொல்லிக்
காப்பி கொடுத்தாள்.
இரண்டாம் முறை, கொதிகலனும் குழாய்களும். முப்பத்தொன்று.
அதற்கடுத்த வாரம்
கிணறு வெட்டப்போய்ப் பூதம் கிளம்பிய கதை:
சமையலறைச் சுவருக்குள்
பீங்கான் குமிழ்களில் சுற்றிய நூறு வயது மின்கம்பி,
துணியுறை உரிந்து,
எலி கடித்த இடத்தில் மட்டும் செம்பு பளபளத்து.
கீழே அடிக்கட்டை.
விரல் வைத்தால் ஊறிய ரொட்டிபோல உள்வாங்கியது.
எதிர்பாராததற்கு என ஒதுக்கிய ஏழாயிரத்து எண்ணூறு
ஒரே செவ்வாய்க்கிழமையில் தீர்ந்தது.

இன்று ஒப்பந்தக்காரன் கோர்டெல் வரவில்லை.
வேலை முடிந்தால் தவணை என்கிறது வங்கி.
தவணை வந்தால் வேலை என்கிறான் அவன்.
நடுவே அலமாரிகள் பெட்டி பிரிக்காமல் நிற்கின்றன.
வந்து சேர்ந்து, பொருத்தப்படாத பொருளுக்கு
என் படிவத்தில் பூஜ்யம்.

மாடிக்குக் கூப்பிட்டாள்.
அறை முழுக்கப் புதுப் பூச்சு.
கதவோரம் அலையலையாக;
எதிர்ச் சுவருக்கு வருவதற்குள்
கை பழகிவிட்டிருந்தது.
"யார் செய்தது?" என்றேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

பலகைக்கு ரசீது உண்டு, ஆணிக்கு உண்டு.
தோள்பட்டைக்கு யார் ரசீது தருவார்?
சொந்த உழைப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

"அறுபதுன்னு போடுங்க."
கெஞ்சவில்லை.
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.
"அறுபது போட்டா கோர்டெல் திங்கக்கிழமை வருவான்."

அறுபது போட்டால் என் வேலை போகும்.
அதைச் சொல்லவில்லை.
கடைசியில் பணம் தீர்ந்திருக்கும்,
வீடு தீர்ந்திருக்காது என்றேன்.
தெரியும் என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே யாரோ
காரின் கண்ணாடியில் பனி சுரண்டும் சத்தம்.

மறுபடி கீழிருந்து எண்ணினேன்.
மின்கம்பி, அடிக்கட்டை, குளியலறைத் தரை:
நாற்பத்துநாலு.
பிறகு பட்டியலின் இருபத்தாறாம் வரி கண்ணில் பட்டது.
மாடி அறை, பூச்சு. மூன்று புள்ளி.
முடிந்ததா என்றுதான் கேட்டிருக்கிறது.
யார் முடித்தது என்று கேட்க
அங்கேயும் கட்டம் இல்லை.

நாற்பத்தேழு.

காசோலை இரண்டு பெயரில் வரும், என்றேன்;
கோர்டெலும் கையெழுத்துப் போட வேண்டும்.
"போடுவான்," என்றாள்,
போட வைப்பவளின் குரலில்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
தன் பூச்சின் மேலேயே கணக்குப் போட்டாள்.
நாற்பத்தேழில் முப்பத்தொன்று போக;
அதில் வங்கி பிடித்துவைக்கும் பத்தில் ஒன்று போக;
பதினோராயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு.
அடியில் இரண்டு கோடு.

நான் பார்ப்பதைப் பார்த்து,
"எப்படியும் பெயின்ட் அடிக்கணும்ல," என்றாள்,
பேருந்துச் சாவியைத் தேடிக்கொண்டே.