வரிக்கு ஆறு டாலர்

இரங்கல் பகுதியில் வரிக்கு ஆறு டாலர் என்றாள்
பத்திரிகை அலுவலகத்துப் பெண்.
படம் போட்டால் தனிக் கட்டணம்.
சமையலறை மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து
அப்பாவை எண்ணத் தொடங்கினேன்.

கஸிமிராஸ் வைட்குஸ், வயது எண்பத்தொன்று, வாட்டர்பரி.
பெயரே பாதி வரியைத் தின்றுவிட்டது.
நாற்பத்தொன்றில்
பித்தளை ஆலை வாசலிலும் இதே சிக்கல்தான்.
நாக்கைச் சுழற்ற நேரமில்லாத ஃபோர்மேன்
அட்டையில் கேஸி என்று கிறுக்கினான்.
அது ஐரிஷ்காரன் பெயர்.
அப்புறம் முப்பத்தாறு வருஷம்
பாட்ரிக் திருநாளில் எவனாவது ஒருவன்
அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தான்.
லிதுவேனியாக்காரர் மறுக்கவில்லை.

அவர் வியர்வை பச்சையாக இருக்கும்.
இதற்கு ஒரு வரி வேண்டும்.
சட்டைக் கழுத்து பச்சை, தலையணை உறை பச்சை,
சனிக்கிழமை குளித்தால் தொட்டி விளிம்பில் பச்சை வளையம்.
மற்ற அப்பாக்களுக்கு வெறும் தண்ணீராய் வேர்க்கும் என்பது
பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு காது மந்தம். ராணுவம் எடுக்கவில்லை.
தோட்டா உறைக்குத் தகடு உருட்டினார்.
போரிலிருந்து திரும்பிய சித்தப்பா
பையிலிருந்து காலி உறை ஒன்றை எடுத்து வைத்தபோது
அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து
"நம்மதுதான்" என்றாராம்.
அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை, சாப்பிட்டார்கள்.

ஐம்பத்திரண்டு, வேலைநிறுத்தம். பதினொரு வாரம் உருளைக்கிழங்கு.
இதை அடித்துவிட்டேன்.
எழுபத்தேழு, ஆலை மூடல்.
பிறகு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தது. அதையும் அடித்தேன்,
திரும்ப எழுதினேன், அடித்தேன்.

ஆலையை இடித்த இடத்தில் கடைத்தொகுதி வந்தது.
பனிக்காலத்தில் கிழவர்கள் உள்ளே நடப்பார்கள்,
வாங்க ஒன்றுமில்லை, வெதுவெதுப்பு இலவசம்.
செருப்புக் கடை வாசலில் அப்பா மட்டும்
இரண்டடி ஒதுங்கிச் சுற்றிப் போவார்.
உலை நின்ற இடம்.
எரிகிற எதுவும் அங்கே இல்லையே அப்பா என்பேன்.
தெரியும் என்பார், ஒதுங்கித்தான் போவார்.

அவர் மொழி எங்களுக்கு வரவில்லை.
பெற்றவர்களோடு பேசினார்,
அவர்கள் போன பின் பாதிரியாரோடு,
பாதிரியாரும் போன பின்
கார் கிளம்பாத காலைகளில் மட்டும்.
கடைசி வாரம் மருத்துவமனையில்
ஆங்கிலம் முழுக்க வடிந்துவிட்டது.
"வந்தென்ஸ்" என்றார். "வந்தென்ஸ், வந்தென்ஸ்."
ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்தேன்,
ஏதோ பெண்பெயர் என்றுகூட.
போர்த்தோரிக்கோ நர்ஸ் மாரிசொல்
அவர் உதட்டைப் பார்த்தாள்,
குவளையை எடுத்து நீட்டினாள்.

தண்ணீர்.
நாற்பத்தொன்பது வயது மகள் நான்
அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதை எந்த விலைக்கும் அச்சில் தர முடியாது.
ஆகவே நாலு வரி, இருபத்துநான்கு டாலர்:
பிறப்பு, ஆலை, மனைவி, பூசை நேரம்.
"அன்புத் தந்தை" இடம் கேட்டது.
அதை எடுத்துவிட்டுப் பெயரை முழுசாக விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பேப்பர் வந்தது.
கஸிமிராஸில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது.
திருத்தத்துக்குக் காசு இல்லை என்றாள் அந்தப் பெண்,
நாளைக்கே மறுபடி போடுகிறோம்.

அப்படியாக எங்கள் அப்பா
செவ்வாயும் இறந்தார், புதனும் இறந்தார்.
புதன்கிழமை
பெயர் சரியாக இருந்தது.