ஊதச் சொன்னால்

காய்னூவில் பிப்ரவரி, விடியாத ஏழு மணி.
பள்ளிப் பேருந்தைக் கிளப்புமுன்
குழாயில் ஊதுகிறாள் ஹெல்கா.
பூஜ்யம். எஞ்சின் உறுமுகிறது.

சாலையோரக் குட்டை மூடி மூன்று மாதம்.
அடியில், சேற்றோடு சேறாய்
ஒரு ரூத்தனா மீன்.
ஆக்சிஜன் தீர்ந்து நாளாயிற்று.
சர்க்கரைத் துணுக்கை மாற்றினால்
செல்லுக்கு முன்பு முப்பது காசு,
இப்போது இரண்டே.
கோடையில் ஈரலில் பதுக்கியதைக்
கிள்ளிக் கிள்ளிச் செலவழிக்கிறது.
தேங்கும் அமிலத்தைச் சாராயமாக்கிச்
செவுள் வழியே கசியவிடுகிறது.

நேற்று பனி வாரியபோது
ஹெல்காவின் தோளிலும் அதே அமிலம்.
மண்வெட்டியில் சாய்ந்து
மூச்சு வாங்கினாள்; கடன் அடைந்தது.
மீனுக்குச் சாய இடமில்லை,
வாங்க மூச்சுமில்லை.

அதை ஊதச் சொன்னால்
உரிமம் போய்விடும்.
போகட்டும்.
மே மாதம்வரை
அது எங்கும் ஓட்டிப் போவதாயில்லை.