லியோனில் இரவுச் சாப்பாடு, யீஷுனிலிருந்து

கடைசி வண்டியை டிப்போவில் விட்டு
சாவியை ஒப்படைத்து
பிளாக்குக்குக் கீழே காப்பிக்கடையில்
மீன் உருண்டை மீ வாங்கி உட்காரும்போது
மணி ஒன்று இருபது.
அங்கே ஏழு இருபது, வெயில் இன்னும் இருக்கிறதாம்.
"அப்பா, எங்க சாப்பிடலாம்?" என்கிறாள் நித்திலா,
படிக்கப் போன ஊரில்
என்னைவிட வழி தெரியாதவள்.

நான் போனதில்லை.
என் பாஸ்போர்ட்டில் இருப்பதெல்லாம்
ஜொகூர் முத்திரை, ஒரேயொரு பாத்தாம்.
ஆனாலும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே
கைபேசியில் விரலால் வண்டி ஓட்டுகிறேன்.
இந்தச் சந்தில் பஸ் நுழையாது.
இந்த முனையில் பின்சக்கரம் நடைபாதை ஏறும்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
மேசைக்கு அடியில் கால்
பிரேக்கைத் தேடுகிறது.

கடை கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்தது ஒரு சட்டம்தான்:
வரிசை கண்டால் நில்,
என்ன விற்கிறார்கள் என்று அப்புறம் கேள்.
அங்கே வரிசையே இல்லை.
மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து
இடம் பிடித்தவரும் இல்லை.
சாக்கட்டியில் எழுதிய கரும்பலகைகள்,
பெரிதாக்கினால் எழுத்து
புள்ளி புள்ளியாய் உடைகிறது.
ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நான் நம்புவதில்லை,
பாதிப் பேர் படமெடுத்தே
சோற்றை ஆறவிட்டவர்கள்.

படிக்கட்டாய் ஏறும் ஒரு தெருவில்
அவரைப் பார்த்தேன்.
வாசலில் ஒற்றை மேசை.
முகத்தை இயந்திரம் மங்கலாக்கியிருந்தது.
மூன்று வருடமாக அதே கவளம்
தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கிறது.
முகம் போனால் என்ன, முதுகு இருக்கிறதே.
மூக்கு குழம்பில் தோயும் அளவுக்குக் குனிந்து,
இடது கையால் தட்டுக்கு அணைகட்டி,
யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல.
நல்ல சாப்பாட்டுக்கு முன்னால்தான்
மனிதன் அப்படிக் கூனுவான்.
தேக்கா மார்க்கெட்டில் ஞாயிறு மத்தியானம்
மேசை மேசையாய்ப் பார்த்திருக்கிறேன்.

"இடது பக்கம் ஏறு. பச்சைக் கதவு.
வெளியே ஒரு கிழவர் இருப்பார்."
"இன்னுமா இருப்பாரு?" என்று சிரித்தாள்.

இருபது நிமிடம்.
அங்கிள் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

பச்சைக் கதவு இருக்கிறதாம்.
உள்ளே போன் ரிப்பேர் செய்கிறார்களாம்,
உடைந்த கண்ணாடி மாற்ற நாற்பது யூரோ.
எனக்கு,
பயணியைத் தப்பான நிறுத்தத்தில்
இறக்கிவிட்ட வெட்கம்.
வண்டியைத் திருப்பவா என்று எழுதினேன்.
பதில் இல்லை.
மறுபடி அந்தத் தெருவுக்குப் போனேன்.
கிழவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு ஒரு படம் வந்தது, கூடவே குரல்.
ரிப்பேர்க்காரன் கைகாட்டிய கடை, மூன்று கதவு தள்ளி.
பெயர்ப்பலகை கிடையாது,
என் வரைபடத்திலும் கிடையாது.
"கெனெல்னு ஒண்ணுப்பா.
நம்ம மீன் உருண்டைதான்,
க்ரீம்ல முங்கிக் குளிச்சிட்டு வந்திருக்கு.
பத்தொம்பது யூரோ."
மனம் ஒன்றரையால் பெருக்கியது.
என் முன்னால் இருந்தது நாலு வெள்ளி.

படத்தில் பாதி தின்ற தட்டு,
கடித்து வைத்த ரொட்டி,
பக்கத்து மேசைக்காரரின் முழங்கை கொஞ்சம்,
சன்னல் கண்ணாடியில் அவளும்.
பெரிதாக்கினேன்.
புள்ளிகளாய் உடைவதற்குள் தெரிந்துவிட்டது,
குனிந்திருக்கிறாள்.
படமெடுக்கவா, தட்டுக்காகவா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மீ ஆறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.
அங்கிள் பாதி விளக்கை அணைத்தார்.
இன்னும் கொஞ்சம் மிளகாய்
கேட்டு வாங்கினேன்.