இடது நாசியில் தொடங்கு

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துவைத்துக்
காத்திருப்பதுதான் என் வேலை.
இறுக்குப் பட்டைகள், பஞ்சு,
ரத்த வகை எழுதிய அட்டைகள்.
எதையும் தொடாமல் வீடு திரும்பினால்
அது நல்ல நாள்.

மயேவிட்சா மலையடியில் ஒரு பிளம் தோப்பு.
போர் முடிந்த நாளிலிருந்து
பழங்கள் தாமே விழுந்து தாமே அழுகின்றன.
வேலியில் மண்டையோட்டுப் பலகை.
உள்ளே, சிவப்பு வெள்ளை நாடாக்களுக்கு நடுவே
ஒரு மீட்டர் அகலத் தடத்தில்
குப்புறப் படுத்துக் கண்ணிவெடி தேடுகிறாள் அஸெமினா.

காலை ஏழு மணி. தலைக்கவசம் மடியில்.
வேன் படியில் உட்கார்ந்து
கட்டைவிரலால் வலது நாசியை அடைக்கிறாள்.
இடதில் நான்கு எண்ணி உள்ளே.
மோதிரவிரலால் இடதை மூடி
வலதில் எட்டு எண்ணி வெளியே.
அதே வலதில் உள்ளே, இடதில் வெளியே.
பன்னிரண்டு சுற்று.

"ஜலதோஷமா?" என்பான் ஸ்த்ராவ்கோ
சிகரெட்டை உதட்டின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டே.
குழுத்தலைவன். ஒரு படையில் இருந்தவன்.
அவள் அண்ணன் எதிர்ப்படையில்.
அதைப்பற்றி இருவரும் மூச்சு விடுவதில்லை.

துஸ்லாவில், பழைய உப்புக் கிடங்கின் மாடியில்
வியாழக்கிழமை வகுப்பில் கற்றாளாம்.
இடுப்பு வலிக்கென்று போனவள்.
சொல்லிக்கொடுத்தவள் பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள்.
"அடக்குவதெல்லாம் பிறகு பார்க்கலாம்,
முதலில் விடக் கற்றுக்கொள்" என்றாளாம்.

முகத்தட்டு இறங்கியபின்
மூச்சே ஒரு தொந்தரவு.
வாயால் விட்டால் தட்டில் ஆவி படியும்,
ஆவி படிந்தால் மண் தெரியாது.
மூக்கால், மெதுவாய், நெஞ்சை நோக்கி.
அவள் மூச்சு வெளியேறும் நேரத்தில் மட்டும்
ஊசிக்கம்பி முப்பது பாகைச் சாய்வில் மண்ணில் இறங்கும்.
இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி.
உள்மூச்சில் கை அசையாது.

எனக்கு இங்கிருந்து முதுகு மட்டும் தெரியும்.
கவசம் ஏறும், இறங்கும்.
எண்ணுகிறேன் என்று தெரியாமலே
நானும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
ஏழாம் சுற்றில் எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.
மூன்றாம் சுற்றில் தவறியது.
விரல் நாசியிலேயே நின்றது கொஞ்ச நேரம்.
பிறகு எழுந்து வந்து
தலைக்கவசத்தை என் ஸ்ட்ரெச்சர் மேல் வைத்தாள்.
"இன்றைக்கு நான் இறங்கவில்லை."

என்ன ஆயிற்று?

"ஒன்றுமில்லை. எட்டு வரமாட்டேன் என்கிறது.
ஐந்திலேயே தீர்ந்துபோகிறது."

ஸ்த்ராவ்கோ கடிகாரத்தைப் பார்த்தான்.
ஒப்பந்தத் தேதி, வரப்போகும் பனி,
சராயேவோ அலுவலகத்தின் தொலைபேசி
எல்லாம் அவன் முகத்தில் ஓடின.
சிகரெட்டை நசுக்கினான்.
தானே கவசம் மாட்டிக்கொண்டு தடத்தில் போனான்.

மதியம் காப்பி ஊற்றும்போது சொன்னாள்:
முந்தின இரவு மகன் ஜெர்மனிக்குப் பஸ் ஏறினானாம்.
தூங்கினாளாம், ரொட்டி சாப்பிட்டாளாம்,
தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான்
காலை ஏழு மணிவரை நினைத்திருந்தாளாம்.
"மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது."

மாலைவரை அந்தத் தடத்தில் கிடைத்தவை
ஒரு மீன் டப்பா மூடி,
கைப்பிடி வளைந்த ஒரு கரண்டி.
வெடி இல்லை.
அவள் இறங்கியிருந்தாலும் திரும்பியிருப்பாள்.
எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.
கரண்டியைத் துடைத்து
வேன் பெட்டிக்குள் போட்டான், அவ்வளவுதான்.

புதன் காலை.
படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்,
கொஞ்சம் இடம் விட்டு.
"எந்தப் பக்கம் முதலில்?"
"இடது."
அடைத்தான், இழுத்தான், முகம் சிவந்தான்.
"இடது அடைத்துக்கிடக்கிறது."

"ஜலதோஷமா?" என்றாள்,
கண் திறக்காமல்,
ஆறு எண்ணி ஏழுக்குப் போகும் வழியில்.