பொருள்: சரக்குத் தாமதம்

வால்பராய்சோ துறைமுகத்தைப் பார்த்து
எங்கள் அலுவலகம், நான்காவது மாடி.
கணினி அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது.
அங்கே வந்து சொன்னார்கள்:
யெர்கோ மரம்பியோவின் அஞ்சல்கள், மூன்று வருடத்துக்கு,
அத்தனையும் அச்சடித்துக் கொண்டு வா.

நடந்தது இதுதான்.
ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குச் சற்று முன்,
அந்தோஃபகாஸ்தா கிளையின் யஸ்னாவுக்கு எழுதியதை
அனைவருக்கும் அனுப்பிவிட்டான்.
பொருள் என்ற இடத்தில்: சரக்குத் தாமதம்.
உள்ளே:
"இங்கே மழை. மேலாளரின் தலைச்சாயம்
காதோரம் கறுப்பாய் வழிகிறது.
கூட்டம் முழுக்க அதையே பார்த்திருந்தேன்.
உன் கழுத்து மச்சம் ஞாபகம் வந்தது."

இருநூற்றுப் பதினாறு பேர்.
முக்கால்வாசி சிரித்தோம்.
திரும்பப் பெறும் பொத்தானை அவன்
அழுத்தி அழுத்தி அழுத்திய சத்தம்
மூன்று மேசை தள்ளியும் கேட்டது.
வில்லைவிட்ட அம்பு என்பார்கள்;
அம்பாவது ஒரே ஆளைத் தைக்கும்.

அச்சுப்பொறி இரண்டு முறை தாள் தீர்ந்து நின்றது.
படிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.
படித்தேன்.
எல்லாமே சரக்குத் தாமதம்.
அவள் பல் பிடுங்கிய நாள்.
குன்றேறும் இழுவைப் பெட்டி பழுதாகி
அவன் நூற்றியெண்பது படி ஏறிய நாள்.
ஒரு நாள் வெறும் "ம்".
பாதிக்கு மேல், மெய்யாகவே சரக்குத் தாமதம்:
செம்புத் தகடு, பெட்டி எண், கப்பலின் பெயர்.
கடைசி வரியில் மட்டும்
"தூங்கினாயா?"

விசாரணை இருபது நிமிடம்.
நிறுவனத்தின் அஞ்சல், நிறுவனத்தின் நேரம்,
நீங்கள் கையெழுத்திட்ட விதி, பக்கம் பதினொன்று.
சாயம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மேலாளர் தொப்பி அணிந்திருந்தார்.

அவனுக்கு ஓர் அட்டைப்பெட்டி.
அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம்; அதையும் என் பொறியே அச்சடித்தது.
எனக்கு நன்றி, அஞ்சலில்,
நகல் மேலாளருக்கு.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும்
'மதிப்பிற்குரிய' என்றே தொடங்குகிறோம்,
பிறந்தநாள் கேக்குக்கு காசு கேட்கும்போதும்.

என் தம்பிக்காக இருபது வேலை விண்ணப்பம்
நானும் இதே முகவரியிலிருந்து அனுப்பியவன்தான்.
அன்றிரவு அழித்தேன்.
அழித்தது எங்கே போய்த் தங்கும் என்று
எனக்குத் தெரியாததா?

அவன் முகவரியை இன்னும் மூடவில்லை.
வருவதெல்லாம் என் திரைக்குத் திரும்புகிறது.
பெரும்பாலும் தள்ளுபடி விளம்பரம், தடுப்பூசி முகாம்.
நேற்று ஒன்று வந்தது, வடக்கிலிருந்து.
பொருள்: சரக்குத் தாமதம்.
உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

நான் விரலெடுப்பதற்குள்
இயந்திரம் பதில் அனுப்பியிருந்தது:
"இந்த நபர் தற்போது பணியில் இல்லை.
அவசரமெனில்
கணினி அறையைத் தொடர்புகொள்ளவும்."