சந்தாதாரரே பேச வேண்டும்

வார்டோ தீவில் பிப்ரவரியில் டோர்கெய்ரைப் புதைத்தோம்.
நிலம் உறைந்து கிடந்ததால்
இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள்.
அவர் தொலைபேசிக்கு மட்டும்
மாதம் தவறாமல் பில் வந்துகொண்டிருந்தது.

ஏழு முறை அழைத்தேன்.
ஐம்பது நிமிடம் பியானோ,
பிறகு ஒரு பெண், மிகவும் பணிவாக:
"சந்தாதாரரே பேச வேண்டும்."
இறப்புச் சான்றிதழை அனுப்பினேன், இரண்டு தடவை.
கிணற்றில் போட்ட கல்.

ஜூன். நள்ளிரவிலும் வெயில், தூக்கமில்லை.
அவர் கணக்கைத் திறந்தேன்.
கடவுச்சொல்லுக்கு முதலில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன்.
இல்லை, படகின் பெயர்.
ஊரறிய எழுதினேன்:
"நான் டோர்கெய்ர். இறந்துவிட்டேன்.
இதற்கு மேல் நேரில் வர இயலாது.
தயவுசெய்து என் இணைப்பைத் துண்டியுங்கள்."

விடிவதற்குள், விடிவு என்று ஒன்று அங்கே இருந்தால்,
ஒன்பதாயிரம் பேர். சந்தி சிரித்தது.
அவர் பிடித்த மிகப் பெரிய காட் மீனுக்கே
பதினொரு விருப்பங்கள்தான் விழுந்திருந்தன.
எட்டு மணிக்கு நிறுவனம் இறங்கி வந்தது:
"அன்புள்ள டோர்கெய்ர்,
உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பத்து மணிக்கு இணைப்பு போயிற்று.
ஜெயித்துவிட்டேன். காபி போட்டுக் குடித்தேன்.
அப்புறம்தான் பார்த்தேன்,
சிரிக்கும் மஞ்சள் முகங்களுக்கு நடுவே
ஆஸ்முண்ட்.
முப்பது வருடங்களுக்கு முன் அந்தப் படகில் சமைத்தவன்.
எதையும் முதல் வரிக்கு மேல் படிக்காதவன்.

"இன்னும் சண்டை போடுகிறாயா கிழவா, சந்தோஷம்.
இப்போதுதான் கூப்பிட்டேன்,
மணியே அடிக்கவில்லையே?"