நாற்பத்து மூன்றாம் மரம்

எறும்புதான் முதலில் சொன்னது.
விடிய நாலு மணிக்கு நான் ஒதுங்கிய இடத்தில்
பால் எடுக்கத் திரும்பி வந்தபோது
ரேஷன் கடைக்கு வந்ததுபோல
வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு குலசேகரம் லேபில் தாள் சொன்னது.
முன்னூற்றுப் பதினெட்டு.
எனக்க ஆயுசில் நான் வாங்கின
ஆகப் பெரிய மார்க்கு என்றேன்.
பிரசில்லா சிரிக்கவில்லை.

சீனியை மட்டும்தான் விடச் சொன்னார் டாக்டர்.
சீனி போடாத கட்டன்
பேதிக்குக் கொடுக்கிற கஷாயம்.
இரண்டையும் ஒரே நாளில் விட்டேன்,
கோபத்தில்.

ஒரு நாளைக்கு ஒன்பது. அதுவரை எண்ணியதில்லை.
மூன்று மணிக்கு எழும்பினால் ஒன்று,
தலையில் லைட்டைக் கட்டினால் ஒன்று,
நூறு மரம் வெட்டினால் ஒன்று,
மழை பெய்து வெட்டு நின்றுபோனால்
அந்த வருத்தத்துக்கு இரண்டு.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இவ்வளவுதானா என்று
பேச்சிப்பாறை ரோட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.
இரண்டாம் நாள் பின்னந்தலையில்
யாரோ சக்கை வெட்ட ஆரம்பித்தார்கள்.
வெட்டி முடிக்கவே இல்லை.
பிசின் கண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள்
மகனின் செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்ததற்கு
அரை மணி நேரம் கத்தினேன்.
அவன் காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு
"அப்பா, ஒரு சாயா குடிச்சிட்டு ஏசு" என்றான்.

கை நடுங்கியது.
ஆறு மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டித்
தடிவரை போனது.
மரத்துக்கு வலித்ததா, தெரியாது.
முதலாளிக்கு வலித்தது.
"வறுவேலே, ஒனக்க கண்ணுக்கு என்ன?"

சிரட்டை சிரட்டையாகப் பால்.
முன்னூற்று நாற்பது மரம்,
இத்தனை பாலுக்கு நடுவில்
ஒரு சாயாவுக்கு வழியில்லை என்று
இருட்டில் தனியாக நின்று சிரித்தேன்.
லைட்டுக்கு வந்த பூச்சி வாய்க்குள் போனது.
இனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி கருப்பட்டி.
கருப்பட்டி சீனியில்லை என்று
எனக்குள்ளே ஒரு வக்கீல் எழும்பி வாதாடினான்.
பத்மநாபபுரம் கோர்ட்டிலும் அப்படி ஒருத்தன் கிடையாது.
அது பனை, அது மருந்து,
பெற்றுக் கிடக்கிறவளுக்கே கொடுக்கிறார்கள், பிறகென்ன.
வழக்கை ஜெயித்து
சத்தமில்லாமல் அடுக்களைக்குப் போய்
டப்பாவுக்குள் கையைவிட்டால்
கல்லுப்பு.
வக்கீல் எழும்புவதற்கு முந்தின நாளே
பிரசில்லா தீர்ப்பு எழுதியிருக்கிறாள்.

எட்டாம் நாள் தலைக்குள் சக்கைக் காரரைக் காணோம்.
எப்போது போனார் என்று கவனிக்கவில்லை.
வலி வரும்போது சொல்லிக்கொண்டு வருகிறது,
போகும்போது சொல்வதில்லை.

பதினோராம் நாள் மழை. வெட்டு இல்லை.
சசிதரன் கடையில் போய் உட்கார்ந்தேன்,
மழைக்கு எனக்கு வேறு இடம் தெரியாது.
கேட்காமலே ஆற்றி வைத்தான், பழக்கம்.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தேன்.
ஆவி மூக்கில் ஏறியது. கண் கலங்கியது,
ஆவியால்தான்.
ஆறும்வரை பிடித்திருந்துவிட்டு
அப்படியே வைத்து எழும்பினேன்.
காசு நீட்டினால் வேண்டாம் என்றான்.
பன்னிரண்டாம் நாள் வாங்கிக்கொண்டான்.

நாற்பத்து மூன்றாம் மரத்தடிக்கு
எறும்பு இன்னும் வருகிறது.
முன்னைவிடக் குறைவா, அதே அளவா?
குனிந்து லைட்டைப் பிடித்து
முப்பத்தொன்றுவரை எண்ணினேன்.
அதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது,
பாதி மரம் பாக்கி.